ஒரு டிரைவ், இரண்டு ஆட்சி

ஒரு ஃபோல்டரை அழிக்கிறோம். போய்விட்டதாகத் திரை காட்டுகிறது. மறுநாள் கணினியைத் திறந்தால் அதே இடத்தில் அதே ஃபோல்டர். இன்னொரு கணினியில் அழிக்கும் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் அனுமதி இல்லை என்ற ஒரே பதில். வேறொன்றில் இதைவிட விசித்திரம்: கண்ணெதிரே இருக்கும் ஃபோல்டரை அழிக்கச் சொன்னால், அந்தப் பெயரில் இங்கே எதுவும் இல்லை என்கிறது. ஒரே ஹார்ட் டிஸ்க்கை விண்டோஸும் லினக்ஸும் பங்குபோட்டுக்கொள்ளும் கணினிகளில் இந்த மூன்றும் நடக்கும். வைரஸ் என்பார் ஒருவர், டிஸ்க் போய்விட்டது என்பார் இன்னொருவர், ஃபார்மட் அடித்துவிடலாம் என்பார் கடைக்காரர். பெரும்பாலும் மூவர் சொல்வதும் தவறு. அழிய மறுக்கும் ஃபோல்டருக்குக் காரணம் உண்டு. அந்தக் காரணம் பெரும்பாலும் நாம் அப்போது பயன்படுத்திக்கொண்டிருக்காத மற்ற இயக்குதளத்தில் இருக்கிறது.

கேரள-தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய காட்டாக்கடை, நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரத்து வீடுகளில் இப்படிப்பட்ட இரட்டைக் கணினிகள் புழங்குவதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லைகள் மாறியபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின; நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. காட்டாக்கடை பிற்பாடு நெய்யாற்றின்கரையிலிருந்து பிரிந்து தனித் தாலுகா ஆயிற்று. கோடு விழுந்தாலும் சொந்தபந்தம் அறுபடவில்லை. அண்ணன் வீடு பாறசாலையிலும் தங்கை வீடு களியக்காவிளையிலும் இருக்கும் குடும்பங்களில் பிள்ளைகள் இரண்டு அரசுகளின் பாடத்திட்டங்களில் படிக்கிறார்கள்.

கேரளத்தில் பள்ளிக் கணினிக் கல்விக்கான 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் 2001இல் தொடங்கியது. அதே ஆண்டு ஜூலையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரம் வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். மென்பொருள் யாருடைய பூட்டுக்குள்ளும் இருக்கக் கூடாது என்ற அந்தச் சிந்தனை வகுப்பறைக்குள்ளும் புகுந்தது. அரசுப் பள்ளிக் கணினிகள் படிப்படியாக லினக்ஸுக்கு மாறின. எஸ்.எஸ்.எல்.சி. மாணவர்கள் ஐ.டி. செய்முறைத் தேர்வை உபுண்டுவின் அடிப்படையில் அமைந்த லினக்ஸில்தான் செய்கிறார்கள். 2017இல் அந்தத் திட்டம் 'கைட்' என்ற அரசு நிறுவனமாயிற்று. 2018இல் வந்த ஹைடெக் பள்ளித் திட்டம் 4,752 பள்ளிகளின் 45,000 வகுப்பறைகளை இலக்காகக் கொண்டது. பள்ளியில் படித்ததை வீட்டில் செய்துபார்க்க வேண்டுமானால் வீட்டுக் கணினியிலும் லினக்ஸ் வேண்டும். அப்பாவின் கணக்கு வழக்கும் அக்காவின் டைப்பிங் வேலையும் விண்டோஸில் இருக்கின்றன. ஆகவே ஒரே பெட்டியில் இரண்டும் ஏறுகின்றன.

எல்லைக்கு அந்தப் பக்கம் வேறொரு வழியில் இதே விளைவு. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரசின் எல்காட் நிறுவனம் வழியாக வாங்கப்பட்ட அந்த மடிக்கணினிகளில் விண்டோஸும், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. மார்த்தாண்டத்திலும் களியக்காவிளையிலும் பல வீடுகளுக்கு வந்த முதல் கணினியே பொத்தானை அழுத்தியதும் 'எதில் நுழைய வேண்டும்' என்று கேட்கும் கணினி. இரண்டு அரசுகளும் ஒன்றையொன்று கலந்து பேசாமலே ஒரே வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு இரட்டை இயக்குதளத்தைப் பழக்கின.

இப்படிப்பட்ட கணினியில் படங்கள், பாட்டு, பாடக்குறிப்பு எல்லாவற்றுக்கும் ஒரு பொது டிரைவ் ஒதுக்குவார்கள். பெரும்பாலும் 'டி' டிரைவ். லினக்ஸ் தனக்கென்று பயன்படுத்தும் எக்ஸ்ட்4 அமைப்பை விண்டோஸ் தானாகப் படிப்பதில்லை. விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். அமைப்பை லினக்ஸ் படிக்கும், எழுதவும் செய்யும். ஆகவே பொது டிரைவ் என்.டி.எஃப்.எஸ்.ஸாகவே இருக்கும். விட்டுக்கொடுத்தது லினக்ஸ், தொல்லைகளின் வேரும் இங்கேதான்.

முதலில், அழிப்பது என்றால் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். ஃபோல்டரை மஞ்சள் உறையாகத் திரையில் வரைந்து காட்டிவிட்டார்கள். அதனால் அது பொருள்களை உள்ளே போட்டு மூடும் பெட்டி என்று மனதில் பதிந்துவிட்டது. டிஸ்க்கில் அப்படிப் பெட்டி எதுவும் இல்லை. வில்லேஜ் ஆபீசின் தண்டப்பேர் ரிஜிஸ்டரை நினைத்துக்கொள்ளலாம்: நிலம் கைமாறும்போது மண் நகர்வதில்லை, ரிஜிஸ்டரில் ஒரு வரிதான் மாறுகிறது. என்.டி.எஃப்.எஸ்.ஸில் மாஸ்டர் ஃபைல் டேபிள் என்ற பேரேடு உண்டு. ஒவ்வொரு கோப்புக்கும் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் அதில் ஒரு பதிவு. வழக்கமாக 1,024 பைட்டுகள். பெயர், தேதிகள், யாருக்கு என்ன உரிமை, உள்ளடக்கம் டிஸ்க்கில் எந்தெந்த இடங்களில் கிடக்கிறது என்பதெல்லாம் அந்தப் பதிவில் இருக்கும். கோப்பு மிகச் சிறியதானால் உள்ளடக்கமே பதிவுக்குள் அடங்கிவிடும். ஃபோல்டருக்கு உள்ளடக்கம் என்பது பெயர்களின் வரிசைப்படுத்தப்பட்ட பட்டியல் மட்டுமே.

அழிக்கும்போது பட்டியலிலிருந்து பெயர் எடுக்கப்படுகிறது. பதிவு காலி என்று குறிக்கப்படுகிறது. இடம் மற்றவர்களுக்குத் திறந்துவிடப்படுகிறது. உள்ளடக்கத்தை யாரும் தொடுவதில்லை. பழைய பென்டிரைவ்களின் ஃபேட் அமைப்பில் இது இன்னும் வெளிப்படை: பெயரின் முதல் பைட்டில் 229 என்ற எண்ணை எழுதிவிடுவார்கள், அவ்வளவுதான். தவறுதலாக அழித்த கல்யாண போட்டோக்களைக் கடைக்காரர் மீட்டுத் தர முடிவது இதனால்தான். (எஸ்.எஸ்.டி. டிஸ்க்குகளில் காலியான இடம் விரைவிலேயே உண்மையாகத் துடைக்கப்பட்டுவிடும். அங்கே இந்த மீட்பை நம்பியிருக்கக் கூடாது.)

அழித்தல் என்பது ஏட்டில் நடக்கும் திருத்தம் என்று புரிந்துவிட்டால், அழியாமை பற்றிய கேள்வியும் தெளிவாகிவிடும்: ஏட்டைத் திருத்த விடாமல் தடுப்பது எது?

மறுநாள் திரும்பி வரும் ஃபோல்டரிலிருந்து தொடங்கலாம். இரட்டைக் கணினிகளில் மிக அதிகமாகக் குழப்புவதும், உண்மையிலேயே ஆபத்தானதும் அதுதான்.

2012இல் விண்டோஸ் 8 வந்தபோது கணினி வேகமாகத் தொடங்க வேண்டும் என்பதற்காக ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதியைச் சேர்த்தார்கள். 'ஷட் டவுன்' அழுத்துகிறோம். திரை அணைகிறது, விசிறி நிற்கிறது. கணினி முழுவதும் அணைந்ததாகத்தான் யாரும் நினைப்பார்கள். ஆனால் விண்டோஸ் நம் நிரல்களை மட்டும் மூடிவிட்டு, தன் கருநிரலின் (கெர்னலின்) நினைவை அப்படியே 'சி' டிரைவில் ஒரு பெரிய கோப்பாக எழுதிவைத்துவிட்டுத் தூங்கப் போகிறது. மறுமுறை எழும்போது எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்காமல் அந்த நினைவையே ஏற்றிக்கொள்கிறது. டிரைவ்களின் ஏடுகளைப் பற்றி அது கடைசியாக அறிந்திருந்த விவரங்களும் அந்த நினைவுக்குள் இருக்கின்றன.

இந்த இரண்டு எழுச்சிகளுக்கும் இடையில் லினக்ஸ் எழுந்து 'டி' டிரைவிலிருந்து ஒரு ஃபோல்டரை அழிக்கிறது என்று வையுங்கள். டிஸ்க்கில் இப்போது அது இல்லை. விண்டோஸின் நினைவில் இருக்கிறது. விண்டோஸ் எழுந்ததும் டிஸ்க்கைப் புதிதாகப் படிக்காமல் தன் நினைவை நம்புகிறது. தான் தூங்கும்போது வேறொருவர் வீட்டுக்குள் வந்து போயிருப்பார் என்று அதற்குத் தெரிய வழியே இல்லை. பழைய விவரத்தை டிஸ்க்கின் மேல் எழுதினால் அழித்த பெயர் திரும்பி வந்துவிடும். பெயர் மட்டும்தான் வரும்; அது சுட்டும் இடத்தில் லினக்ஸ் அதற்குள் வேறெதையோ எழுதியிருக்கலாம். படத்தைத் திறந்தால் குப்பை. லினக்ஸில் புதிதாகச் சேமித்த புராஜெக்ட் காணாமல் போகும். டிரைவின் ஏடே சிதைந்துபோவதும் உண்டு.

இதைத் தடுக்கத்தான் லினக்ஸ் பக்கத்தில் ஒரு காவல் இருக்கிறது. அந்தக் காவல் உருவான கதையையும் சொல்ல வேண்டும். என்.டி.எஃப்.எஸ். 1993இல் விண்டோஸ் என்.டி.யோடு வந்தது. அதன் உள்ளமைப்பை மைக்ரோசாஃப்ட் முழுமையாக வெளியிடவில்லை. லினக்ஸ்காரர்கள் டிஸ்க்கில் கிடக்கும் பைட்டுகளைப் பார்த்துப் பார்த்து, எது எதைக் குறிக்கிறது என்று தாங்களே கண்டுபிடித்தார்கள். நெடுங்காலம் படிக்க மட்டுமே முடிந்தது. எழுதுவது பெரும் ஆபத்து. 2007 பிப்ரவரியில் சபோல்ச் சகாச்சிட்ஸ் முன்னின்று உருவாக்கிய என்.டி.எஃப்.எஸ்-3ஜியின் முதல் நிலையான பதிப்பு வந்த பிறகுதான் சாதாரணப் பயனர்கள் அச்சமின்றி எழுத முடிந்தது. பாரகன் நிறுவனம் எழுதிக் கொடுத்த மற்றொரு இயக்கி 2021 அக்டோபரில் லினக்ஸ் 5.15இல் சேர்ந்தது. ஏதோ ஒரு பள்ளிப் பிள்ளை எந்தச் சிரமமும் இல்லாமல் விண்டோஸ் டிரைவில் தன் பாடத்தைச் சேமிக்கிறது என்றால், அதற்குப் பின்னால் பல ஆண்டுகளின் இந்தக் கண் நோகும் உழைப்பு இருக்கிறது. அந்த உழைப்பின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

விண்டோஸ் தன் வேலையை முடிக்காமல் தூங்கியிருக்கும் அடையாளம் டிரைவில் இருந்தால், என்.டி.எஃப்.எஸ்-3ஜி எழுத மறுத்து, படிக்க மட்டும் திறந்துவிடும். அப்போதுதான் வகுப்பறையில் இந்தக் குரல் கேட்கும்: "டீச்சரே, சூடோ போட்டும் போகமாட்டேங்குது!" சூடோ என்பது லினக்ஸில் முழு அதிகாரத்தோடு கட்டளையிடும் வழி. அதிகாரம் இருந்தும் ஏன் அழியவில்லை? தடை அதிகாரம் பற்றியதாக இல்லாததால்தான். எழுதவே கூடாது என்று மூடிய டிரைவில் எவ்வளவு பெரிய அதிகாரியும் எழுத முடியாது. தூங்கும் விண்டோஸின் நினைவுக் கோப்பை நீக்கிவிட்டு வலுக்கட்டாயமாகத் திறக்கும் வழியும் உண்டு. அதைச் செய்தால் அந்த நினைவு போய்விடும். விண்டோஸ் உண்மையான ஹைபர்னேட் நிலையில் இருந்திருந்தால், சேமிக்காமல் திறந்து வைத்திருந்த வேலையெல்லாம் அதோடு சேர்ந்து போகும்.

சரியான வழி எளிது. விண்டோஸுக்குத் திரும்பிப் போய் 'ரீஸ்டார்ட்' கொடுத்து, வரும் பட்டியலில் லினக்ஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஷட் டவுனைவிட ரீஸ்டார்ட்தான் விண்டோஸை முழுவதுமாக அணைக்கிறது என்பது கேட்பதற்குத் தலைகீழாக இருக்கும், ஆனால் அப்படித்தான். ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ஷட் டவுன் அழுத்தினாலும் முழுதாக அணையும். என்னைக் கேட்டால், இரட்டைக் கணினி வைத்திருக்கும் வீடு ஒவ்வொன்றும் பவர் ஆப்ஷன்ஸில் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்துவிட வேண்டும். சில விநாடிகள் மெதுவாகத் தொடங்குவதால் யாருக்கும் ஒன்றும் குறையாது.

அடுத்தது, இருந்தும் இல்லாத ஃபோல்டர். இங்கே சிக்கல் பெயரில்.

லினக்ஸில் ஒரு பெயருக்குள் சாய்கோடும், பூஜ்யம் என்ற எண்ணுடைய பைட்டும் மட்டும்தான் கூடாது. மற்ற எதுவும் வரலாம். விண்டோஸில் முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரம், இரட்டை மேற்கோள் முதலிய பல குறிகளுக்குத் தடை. என்.டி.எஃப்.எஸ். என்ற டிரைவ் அமைப்போ லினக்ஸ் எழுதுவதை ஏற்றுக்கொள்ளும் அளவுக்குத் தாராளமானது. இந்த மூன்றின் விதிகளும் ஒன்றாக இல்லாததுதான் வினை. லினக்ஸில் இருந்துகொண்டு 'பயிற்சி 3: விடை என்ன?' என்று ஒரு ஃபோல்டருக்குப் பெயர் வைத்தால் டிரைவ் வாங்கிக்கொள்ளும். விண்டோஸ் அதைத் திறக்கவும் முடியாமல், அழிக்கவும் முடியாமல் திகைக்கும்.

இதைவிடக் கண்ணுக்குத் தெரியாத பொறி, பெயரின் முடிவில் வரும் புள்ளி. 'பத்தாம் வகுப்பு.' என்று புள்ளியோடு லினக்ஸில் உருவாக்கிய ஃபோல்டரை விண்டோஸில் அழிக்கச் சொன்னால், விண்டோஸ் அந்தக் கடைசிப் புள்ளியைத் தானே வெட்டிவிட்டு, 'பத்தாம் வகுப்பு' என்ற புள்ளியில்லாத பெயரைத் தேடும். அப்படி ஒன்று இல்லை. இல்லாததை எப்படி அழிப்பது? முடிவில் இடைவெளி விட்ட பெயருக்கும் இதே கதி. கட்டளைத் திரையில் முழுப் பாதையின் முன்னால் \\?\ என்ற குறியைச் சேர்த்தால் விண்டோஸ் பெயரைத் திருத்தாமல் உள்ளபடியே எடுத்துக்கொள்ளும். அதைவிட எளிய வழி, பெயர் வைத்த லினக்ஸுக்கே திரும்பிப் போய் அழிப்பது.

தமிழ் எழுத்துக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. இதைப் பற்றித் தமிழில் போதிய அளவு யாரும் எழுதாதது எனக்கு வருத்தம். 'கொல்லம்' என்று எழுதிப் பாருங்கள். முதல் எழுத்தான கொ-வை யூனிகோடில் இரண்டு விதமாகப் பதியலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே எண்ணாகச் சேர்ப்பது ஒன்று. ககரத்தோடு ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனி எண்களாகச் சேர்ப்பது இன்னொன்று. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்று. தமிழ் விசைப்பலகைகள் பொதுவாக முதல் விதத்தில் எழுதும். பழைய எழுத்துருவில் தட்டிய ஆவணத்தை யூனிகோடாக மாற்றும் சில மாற்றிகள் இரண்டாம் விதத்தில் எழுதிவிடும். இந்த இரண்டும் சமம் என்று யூனிகோடு விதி சொல்கிறது; ஆனால் என்.டி.எஃப்.எஸ்.ஸும் எக்ஸ்ட்4-உம் பெயர்களை ஒப்பிடும்போது அந்த விதியைப் பார்ப்பதில்லை, எண்களை மட்டும் பார்க்கின்றன. விளைவு: ஒரே இடத்தில் 'கொல்லம்' என்று இரண்டு ஃபோல்டர்கள் அருகருகே நிற்கும். ஒன்றை அழித்தாலும் இன்னொன்று நிற்பதைப் பார்த்து, அழிந்தது திரும்பி வந்துவிட்டது என்று நினைப்போம். பெயரைத் தட்டி அழிக்க முயன்றால், தட்டிய எண்களும் பதிந்த எண்களும் பொருந்தாமல், அப்படி ஒன்று இல்லை என்ற பதில் வரும்.

எல்லை வட்டாரத்தில் மலையாளமும் சேர்ந்துகொள்கிறது. நெய்யாற்றின்கரை என்ற ஊர்ப் பெயரை மலையாளத்தில் எழுதும்போது நடுவில் ஒரு சில்லெழுத்து வரும். 2008 ஏப்ரலில் யூனிகோடு 5.1 வரும்வரை சில்லெழுத்துகளுக்குத் தனி எண் கிடையாது. மெய்யெழுத்து, சந்திரக்கலை, கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறி என்று மூன்றைச் சேர்த்து எழுதினார்கள். 5.1 தனி எண் கொடுத்தது. பழைய முறையும் புழக்கத்திலிருந்து உடனே மறையவில்லை. அந்த இரண்டும் சமம் என்று யூனிகோடின் விதியும் சொல்லவில்லை. தாலுகாவின் பெயரையே ஃபோல்டருக்கு வைத்த ஓர் அலுவலகக் கணினியில் பார்வைக்கு ஒன்றான இரண்டு பெயர்கள் இருக்க முடியும் என்பது இதிலிருந்து தெரியும். மருந்து, பெயரைத் தட்டாமல் இருப்பதுதான்: மவுஸால் தொட்டு அழிக்கலாம், லினக்ஸில் டிரைவின் பேரேட்டில் அதற்குரிய எண்ணை, அதாவது ஐநோடு எண்ணைச் சொல்லியும் அழிக்கலாம். எண்ணுக்கு எழுத்துப்பிழை கிடையாது.

நீளத்திலும் தமிழுக்கு ஓர் இழப்பு உண்டு. 'நெய்யாற்றின்கரை' என்பது நமக்கு எட்டு எழுத்து. யூனிகோடில் 15 எண்கள். என்.டி.எஃப்.எஸ். ஒரு பெயருக்கு இப்படி 255 எண்கள் வரை இடம் தருகிறது. எக்ஸ்ட்4 பைட்டுகளை எண்ணுகிறது. அங்கேயும் 255தான், ஆனால் ஒவ்வொரு தமிழ் எண்ணுக்கும் மூன்று பைட்டுகள் போய்விடும். எட்டெழுத்து ஊர்ப் பெயருக்கு 45 பைட்டுகள். 85 எண்களுக்கு மேல் நீளமான தமிழ்ப் பெயர் லினக்ஸின் சொந்த டிரைவுக்கு நகலாகாது. இதற்கு எதிர்த் திசையில் இன்னொரு தடை: விண்டோஸின் பழைய மரபில் முழுப் பாதையும் 260 எண்களுக்குள் அடங்க வேண்டும். ஃபோல்டருக்குள் ஃபோல்டராக லினக்ஸ் ஆழமாக அடுக்கியதை விண்டோஸின் எக்ஸ்ப்ளோரர் எட்டிப் பிடிக்க முடியாமல் விட்டுவிடும். மேலிருக்கும் ஃபோல்டர்களின் பெயர்களை ஒற்றை எழுத்தாகச் சுருக்கினால் பாதை குட்டையாகி, அழிந்துவிடும். ஆங்கிலப் பெயர்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை லினக்ஸ் மதிப்பதும் விண்டோஸ் மதிக்காததும் இன்னொரு தலைவலி. நம் எழுத்தில் அந்தப் பேதமே இல்லாததால் அது நம்மைத் தொடுவதில்லை.

பெயர் என்றதும் 'கான்' ஃபோல்டர் கதையைச் சொல்லாமல் போக முடியாது. கான் என்ற பெயரில் கணினியில் ஃபோல்டரே உருவாக்க முடியாது, இதை ஒரு இந்தியர் கண்டுபிடித்தார், மைக்ரோசாஃப்டுக்கே காரணம் தெரியவில்லை என்று ஒரு மின்னஞ்சல் பல ஆண்டுகள் இந்தியா முழுக்கச் சுற்றியது. காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1981இல் வந்த எம்.எஸ்-டாஸில் ஃபோல்டரே கிடையாது. விசைப்பலகைக்கும் திரைக்கும் கான், அச்சுப்பொறிக்கு பி.ஆர்.என்., எங்கும் போகாத வெறுமைக்கு நல் என்று கருவிகளுக்கே கோப்புப் பெயர்கள் கொடுத்திருந்தார்கள். 1983இல் ஃபோல்டர்கள் வந்தபோது பழைய நிரல்கள் உடையாமலிருக்க, எந்த ஃபோல்டருக்குள் நின்றாலும் அந்தப் பெயர்கள் கருவிகளையே குறிக்கட்டும் என்று விட்டார்கள். அந்த ஏற்பாடு இன்னும் நிற்கிறது.

லினக்ஸுக்கு இந்த மரபு இல்லை. அதில் கான் சாதாரணப் பெயர். 2008 நவம்பரில் பரவத் தொடங்கிய கான்ஃபிக்கர் போன்ற வைரஸ்கள் பென்டிரைவில் ஆட்டோரன் என்ற கோப்பைப் போட்டு ஊர் ஊராகப் போன காலத்தில், கம்ப்யூட்டர் சென்டர் பையன்கள் இதே விதியை ஆயுதமாக்கினார்கள். ஆட்டோரன் கோப்பின் பெயரிலேயே ஒரு ஃபோல்டரை உருவாக்கி, அதற்குள் கான் என்று இன்னொரு ஃபோல்டரைக் குறுக்கு வழியில் நுழைத்துவிடுவார்கள். ஒரே பெயரில் கோப்பும் ஃபோல்டரும் இருக்க முடியாது; ஃபோல்டரையும் விண்டோஸால் எளிதில் அழிக்க முடியாது; வைரஸுக்கு இடமில்லை. அழகான யோசனை. அந்தப் பென்டிரைவ்களை லினக்ஸில் செருகினால், இன்றும் நிற்கும் அந்த ஃபோல்டரை ஒரு நொடியில் அழித்துவிடலாம்.

அனுமதி மறுப்புக்கு வருவோம். விண்டோஸ் ஒவ்வொரு பயனருக்கும் நீண்ட ஓர் அடையாள எண் கொடுத்து, அந்த எண்ணின் பேரில்தான் உரிமைகளை எழுதுகிறது. விண்டோஸைப் புதிதாக நிறுவினால் அதே பெயரில் கணக்குத் தொடங்கினாலும் எண் புதியது. பழைய எண்ணுக்கு உரிய ஃபோல்டர்கள் ஆளில்லாத சொத்தாகிவிடும். நம் வீட்டுப் படங்களை நாமே அழிக்க முடியாது. நிர்வாகியாக நுழைந்து உரிமையைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டால் சரியாகும். லினக்ஸில் கேள்வியே வேறு: ஒரு கோப்பை அழிக்கலாமா என்பதை அந்தக் கோப்பின் உரிமையைவிட, அது இருக்கும் ஃபோல்டரில் எழுதும் உரிமைதான் தீர்மானிக்கிறது. என்.டி.எஃப்.எஸ். டிரைவை வழக்கமான முறையில் திறக்கும் லினக்ஸ், விண்டோஸ் எழுதிவைத்த உரிமைகளைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதே இல்லை.

வேறொரு நிரல் திறந்து வைத்திருக்கிறது என்ற மறுப்பிலும் இந்த வேறுபாடு உண்டு. யூனிக்ஸ் மரபில் பெயரை எடுத்துவிடுவதும் பொருளை விடுவிப்பதும் தனித்தனிச் செயல்கள். பெயர் உடனே போய்விடும்; பயன்படுத்திக்கொண்டிருக்கும் நிரல் மூடும்வரை உள்ளடக்கம் நிற்கும். விண்டோஸில் திறந்து வைத்திருக்கும் நிரல் முன்பே இசைவு தந்திருந்தாலொழிய அழிக்க முடியாது. மற்ற இயக்குதளத்துக்கு மாறினால் அந்த நிரலே ஓடிக்கொண்டிருக்காது. ஃபோல்டர் சத்தமின்றி அழிந்துவிடும்.

இந்தச் சுதந்திரம்தான் என்னைக் கவலைகொள்ள வைக்கிறது. விண்டோஸ் தன் உயிர்நாடியைக் காக்கப் போட்ட வேலி லினக்ஸுக்குத் தெரிவதில்லை. 'சி' டிரைவின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் வின்எஸ்எக்ஸ்எஸ் என்று ஒன்று இருக்கும். பல ஜி.பி. அடைத்துக்கொண்டிருப்பதாகக் காட்டும். அதில் கணிசமான பகுதி, ஒரே கோப்புக்கு வேறிடத்திலும் பெயர் இருப்பதால் இரண்டு முறை எண்ணப்படுவது. இடம் மிச்சமாகட்டும் என்று லினக்ஸிலிருந்து அதை அழித்தவரின் விண்டோஸ் அடுத்த அப்டேட்டை ஏற்காது. எழும்பாமலே போனாலும் வியப்பில்லை. பொது டிரைவில் நாம் உருவாக்கியதை மட்டும் லினக்ஸிலிருந்து அழிப்பது நல்லது. விண்டோஸ் தனக்காக உருவாக்கியதை விண்டோஸின் டிஸ்க் கிளீனப் வழியாக அகற்றச் சொல்வதுதான் முறை.

உண்மையிலேயே ஏடு கெட்டுப்போயிருப்பதும் உண்டு. மலையடிவாரமான காட்டாக்கடையில் துலாவர்ஷ (வடகிழக்குப் பருவமழை) மாதங்களில் பிற்பகலானால் இடி, கரண்ட் போகும். யூ.பி.எஸ். பேட்டரி பழசானால் எழுதிக்கொண்டிருந்த வேலை பாதியில் நிற்கும். பட்டியலில் பெயர் இருந்து, அது சுட்டும் பதிவு சிதைந்திருந்தால் எந்த இயக்குதளமும் அதை அழிக்காது. லினக்ஸில் என்.டி.எஃப்.எஸ்-ஃபிக்ஸ் என்ற கருவி இருக்கிறது. அது சில அடிப்படைப் பிழைகளைச் சரிசெய்து, விண்டோஸ் அடுத்த முறை எழும்போது சோதிக்கட்டும் என்று குறித்துவைப்பதோடு நின்றுவிடும். முழுச் சிகிச்சைக்கு விண்டோஸின் செக்டிஸ்க்தான் வேண்டும். அதை ஓட்டும் முன் முக்கியமானவற்றை வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுத்துவிட வேண்டும். உரிமையாளர் தெரியாத துண்டுகளை அது 'ஃபவுண்ட்' என்று தொடங்கும் பெயரில் ஒரு ஃபோல்டருக்குள் போட்டு வைக்கும். காணாமல் போன படம் அங்கே இருக்கக்கூடும்.

கடைசியாக, அழித்தும் இடம் காலியாகாத வழக்கு. லினக்ஸில் பொது டிரைவிலிருந்து மவுஸால் அழித்தவை அந்த டிரைவிலேயே 'ட்ராஷ்-1000' என்ற ஃபோல்டருக்குப் போகின்றன. பெயரின் முன்னால் ஒரு புள்ளி இருப்பதால் லினக்ஸ் அதை மறைத்துவிடும். 1000 என்பது அந்தக் கணினியில் முதலில் சேர்ந்த பயனரின் எண். விண்டோஸுக்கு முன்புள்ளி மறைப்பு தெரியாது. அதன் கண்ணில் அது சாதாரண ஃபோல்டர். விண்டோஸின் சொந்தக் குப்பைத்தொட்டியான ரீசைக்கிள் பின்னும் அதே டிரைவில் மறைந்திருக்கும். லினக்ஸில் அது வெளியே தெரியும். ஒரே டிரைவில் இரண்டு குப்பைத்தொட்டிகள். ஒருவர் மற்றவருடையதைக் காலி செய்வதில்லை. பல ஜி.பி. இடம் இப்படி ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடப்பதுண்டு. ட்ராஷ்-1000ஐ விண்டோஸில் இருந்தபடியே அழித்தாலும் எந்தக் கேடும் இல்லை. அதற்குள் இருக்கும் 'ஃபைல்ஸ்' என்ற ஃபோல்டரைத் திறந்து, வேண்டியது ஏதும் கிடக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு அழிக்கலாம்.